பிறருக்குச் செய்வதில் மனம் எப்படி நிறைகிறது?

தொண்டு என்றதும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு முதலில் கோவில்தான் நினைவுக்கு வரும். நல்லூர்த் திருவிழா நடைபெறும் 25 நாள்களிலும் வீதியோரங்களில் எழும் தண்ணீர்ப் பந்தல்கள், ‘அன்னதானக் கந்தன்’ என்றே பெயர் பெற்ற செல்வச்சந்நிதியின் பந்திகள், தேர் இருப்புக்கு வந்தபின் வீதி கூட்டுபவர்கள் என்று அந்தப் படம் சிறுவயதிலேயே நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. சனசமூக நிலையத்தின் சிரமதானத்துக்கு மண்வெட்டியுடன் போவதையும், செத்தவீட்டுக்குக் கதிரை இறக்கிப் பந்தல் போட்டுக் கொடுப்பதையும், சோதனை நெருங்கும்போது அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதையும் நாம் அந்தப் பெயரால் அழைப்பது குறைவு. ஆனாலும் அவை வேறல்ல. கைம்மாறு கருதாமல், இன்னொருவரின் தேவையை முன்வைத்து, நம் நேரத்தையோ உழைப்பையோ பொருளையோ கொடுக்கும் எந்தச் செயலையும் இக்கட்டுரையில் தொண்டு என்றே குறிப்பிடுகிறேன்.

இவ்வாறு செய்பவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலானோர் சற்றுக் கூச்சத்துடன் “மனதுக்கு ஒரு நிறைவு” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த நிறைவு எதனால் ஆனது, எப்போது வருகிறது, எப்போது வராமற் போகிறது என்பவற்றை உளவியலில் முன்னறிவு இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்வதே இங்கு நோக்கம். புண்ணியத்தையும் மறுமைப் பயனையும் பற்றிய பேச்சை வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கிறேன். அவற்றை நம்புவோரும் நம்பாதோரும் ஒரே பந்தியில் நின்று சோறு பரிமாறுகிறார்கள், இருவருக்கும் அந்த நிறைவு கிடைக்கிறது.

மகிழ்ச்சி ஒன்று, பொருள் வேறொன்று

முதலில் இரண்டு விடயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மகிழ்ச்சி பெரும்பாலும் இந்த நேரத்தைப் பற்றியது. உடல் நலமாக இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, இன்றைக்கு யாரோடும் பிணக்கு இல்லை என்றால் மகிழ்ச்சியாக இருக்கிறோம். வாழ்க்கைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்ற உணர்வு, நேற்றையும் இன்றையும் நாளையையும் சேர்த்துப் பார்க்கும்போது எழுவது. நான் இருப்பதால் யாருக்கோ ஏதோ ஆகிறது, நான் செய்தது என்னோடு முடிந்துவிடாது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ரோய் பௌமைஸ்ரரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதையும், சில இடங்களில் மட்டும் எதிரெதிர்த் திசையில் செல்வதையும் காட்டியது. மற்றவர்களிடமிருந்து பெறுபவராக இருப்பது மகிழ்ச்சியோடும், மற்றவர்களுக்குக் கொடுப்பவராக இருப்பது பொருளோடும் கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தன. இன்னும் வியப்பான ஒன்றும் அதில் உண்டு. கவலையும் மன அழுத்தமும் கூடியவர்களிடம் மகிழ்ச்சி குறைந்திருந்தது. ஆனால் தம் வாழ்க்கை பொருள் நிறைந்தது என்று சொன்னவர்களிடம் அதே கவலையும் அழுத்தமும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டன. படுக்கையிற் கிடக்கும் தாயை ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கும் மகளிடம் “சந்தோசமாக இருக்கிறீர்களா?” என்று கேட்பது எவ்வளவு பொருத்தமற்றதோ, அவருடைய நாள்கள் வீணாகக் கழிகின்றன என்று சொல்வதும் அவ்வளவு பொருத்தமற்றது.

வியன்னாவின் மனநல மருத்துவர் விக்ரர் பிராங்கிள், நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து 1945இல் உயிருடன் மீண்டவர். மனிதர் மூன்று வழிகளில் வாழ்வின் பொருளைக் கண்டடையலாம் என்பது அவருடைய விளக்கம்: ஒன்றை ஆக்குவது அல்லது ஒரு செயலைச் செய்வது, ஒருவரையோ ஒன்றையோ அன்போடு அனுபவிப்பது, தவிர்க்க முடியாத துன்பத்தின் முன் எத்தகைய மனநிலையோடு நிற்கிறோம் என்பது. மகிழ்ச்சியை நேரே துரத்துபவருக்கு அது அகப்படாது என்றும், தன்னைக் கடந்த ஒரு காரியத்துக்கோ ஓர் ஆளுக்கோ தன்னைக் கொடுத்தவருக்கு அது தானாகப் பின்தொடர்ந்து வரும் என்றும் அவர் கருதினார்.

இடப்பெயர்வைக் கண்ட நமக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போர் காரணமாக வலிகாமத்து மக்கள் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அங்கிருந்த குடும்பங்கள் தம் விறாந்தைகளையும் மால்களையும் திறந்துவிட்டன. பாடசாலைகளும் கோவில் மண்டபங்களும் நிரம்பின. ஒரு வீட்டுக் கிணற்றில் பல குடும்பங்கள் அள்ளின. அந்த மாதங்களை யாரும் மகிழ்ச்சியான காலம் என்று சொல்வதில்லை. ஆனால் வந்தவர்கள் யாருடைய வளவில் இருந்தோம் என்பதையும், இடம் கொடுத்தவர்கள் எத்தனை குடும்பத்தை வைத்திருந்தோம் என்பதையும், பட்ட துன்பங்களைச் சொல்வதற்கு முன்பே சொல்வதைக் கவனித்திருக்கிறேன். வாழ்க்கைக்குப் பொருள் கொடுக்கும் நினைவுகள் இத்தகையவை.

ஐந்து டொலரும் ஈத்துவக்கும் இன்பமும்

பொருளைப் பற்றிச் சொன்னேன், மகிழ்ச்சிக்கு வருகிறேன். கனடாவில், வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் டன், லாரா அக்னின் ஆகிய உளவியலாளர்கள் மைக்கேல் நோர்ட்டனுடன் சேர்ந்து 2008இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். பங்கேற்றவர்களுக்குக் காலையில் 5 டொலர் அல்லது 20 டொலர் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினர் அதை மாலை 5 மணிக்குள் தமக்காகவும், மற்றப் பகுதியினர் இன்னொருவருக்காகவும் செலவிட வேண்டும். மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவிட்டவர்களே கூடிய மகிழ்ச்சியுடன் இருந்தனர். தொகை 5 ஆக இருந்ததா 20 ஆக இருந்ததா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இதில் பங்கேற்காத வேறு சிலரிடம் எது மகிழ்ச்சி தரும் என்று ஊகிக்கச் சொன்னபோது, அவர்களிற் பெரும்பாலானோர் கூடிய தொகையைத் தமக்காகச் செலவிடுவதுதான் என்று பிழையாகச் சொன்னார்கள். வள்ளுவர் ‘ஈத்துவக்கும் இன்பம் அறியார்கொல்’ என்று ஈயாதவரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு, வான்கூவரில் ஐந்து டொலர்த் தாளை வைத்து ‘ஆம், பலர் அறியார்’ என்று விடை கண்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

பிறகு 136 நாடுகளின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், செல்வ நாடுகளிலும் வறிய நாடுகளிலும் பெரும்பாலானவற்றில் கொடுப்பதற்கும் மகிழ்ச்சிக்கும் இடையே இதே போன்ற தொடர்பு தெரிந்தது. எட் ஓ’பிரையன், சமந்தா கசிரர் ஆகிய இரு ஆய்வாளர்களும் 2019இல் இன்னொரு கோணத்தைக் காட்டினர். ஐந்து நாள்களுக்கு நாளொன்றுக்கு 5 டொலர் கொடுத்து, ஒவ்வொரு நாளும் அதே விடயத்துக்கே செலவிடச் சொன்னபோது, தமக்குச் செலவிட்டவர்களின் மகிழ்ச்சி நாளுக்கு நாள் தேய்ந்தது. பிறருக்குக் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி அப்படித் தேயவில்லை. புதுக் கைத்தொலைபேசியின் மினுக்கம் ஒரு கிழமையிற் பழகிப்போவதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இவ்விளைவு உண்மையானது, ஆனால் மிதமானது. மனச்சோர்வு நோய்க்கு மருந்தாகத் தொண்டைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். “கோவிலுக்குப் போய் நாலு பேருக்குச் சோறு போடு, எல்லாம் சரியாகும்” என்று நோயுற்ற ஒருவரிடம் சொல்வதைவிட அவரை மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே நல்ல தொண்டு.

நிறைவின் உட்கூறுகள்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய உளவியலாளர்களின் கோட்பாடு ஒன்று இந்த நிறைவை விளங்கிக்கொள்ள மிகவும் உதவுகிறது. மனித மனத்துக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறார்கள் அவர்கள்: தன் விருப்பத்தின்படி செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் இதைச் சரிவரச் செய்ய முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருக்கிறேன் என்ற உணர்வு. நல்ல தொண்டு இம்மூன்றையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்கிறது. சம்பள வேலையில் மூன்றும் சேர்ந்து அமைவது பலருக்கு அரிது என்பதால்தான், கந்தோரில் நாள் முழுவதும் சலித்துக்கொள்ளும் ஒருவர் மாலையில் வாசிகசாலை வேலையில் உற்சாகமாக ஓடித்திரிகிறார்.

யாழ்ப்பாணத்தில் இன்று பரவலாகத் தேவைப்படும் ஒரு சிறிய உதவியை வைத்து இதைப் பார்ப்போம். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய கல்வீட்டில் தனியே இருக்கும் முதியவர்கள் ஏறத்தாழ ஒவ்வோர் ஒழுங்கையிலும் உள்ளனர். அவர்களுக்குக் காசு வந்துவிடும். சலரோகத்துக்கோ பிறஷருக்கோ மாதாந்தக் கிளினிக்குக்குப் போகத் துணைக்கு ஆள் வராது. வெள்ளெனப் போய் நம்பர் எடுப்பது, வாங்கிலில் நெடுநேரம் காத்திருப்பது, வைத்தியர் விரைந்து சொன்னதை நினைவில் வைப்பது, மருந்து கொடுக்குமிடத்தில் மறுபடியும் நிற்பது எல்லாம் எண்பது வயதில் எளிதல்ல. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் மாதத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, “அம்மம்மா, நீங்கள் இருங்கோ, நான் கொப்பியைக் குடுத்திட்டு வாறன்” என்று கூடவே சென்று வந்தால், அவர் செய்வது என்ன? யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வேலை முடிந்ததும் கையில் மருந்துப் பையும், எந்தக் குளிசை காலையில் எந்தக் குளிசை இரவில் என்று எழுதிய தாளும் இருப்பதால், தான் செய்தது பயன்பட்டது என்று கண்ணாற் காண்கிறார். காத்திருக்கும் நேரத்தில் அந்த அம்மாவின் வாய்வழியாகப் பழைய ஊரும், கொழும்புக்கு யாழ்தேவியிற் போன கதைகளும் அவருக்குக் கிடைக்கின்றன. சில மாதங்களில் இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள். கோட்பாடு சொல்லும் மூன்றும் அந்த வாங்கிலில் இருக்கின்றன.

இந்த உதவி சிறியது என்பதால் அதன் பயன் குறைந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப நடப்பதாலும், ஒரே ஆளோடு நடப்பதாலும், அது ஆண்டுக்கு ஒருமுறை நூறு பேருக்கு உடுப்புக் கொடுப்பதைவிட, செய்பவரின் உள்ளத்தில் ஆழமாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

நிறைவு வராத இடங்கள்

தொண்டைப் பற்றி எழுதுவோர் அதன் இனிப்பை மட்டும் எழுதுவது வழக்கம். அது நியாயமன்று. நெற்றா வைன்ஸ்ரீனும் ரையனும் 2010இல் வெளியிட்ட ஆய்வுகளில், தாமாக விரும்பி உதவியவர்களின் மனநலம் உயர்ந்தது. நெருக்குதலுக்காகவோ குற்ற உணர்ச்சிக்காகவோ உதவியவர்களுக்கு அப்பயன் கிடைக்கவில்லை. உதவி பெற்றவர்களுக்கும் விரும்பிக் கொடுத்த உதவியே கூடுதலாக நன்மை செய்தது.

இந்த முடிவை யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்கும்போது சில கசப்பான உண்மைகளைத் தொட்டே ஆக வேண்டும். ‘குடிமை’ என்ற ஏற்பாட்டின்படி, சில சாதிகளிற் பிறந்தவர்கள் பிறப்பின் காரணமாகவே வேறு சில குடும்பங்களின் நல்லது கெட்டதுகளுக்கு வேலை செய்யக் கட்டுண்டிருந்தார்கள். பார்வைக்கு அதுவும் பிறருக்குச் செய்த பணிதான். மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் நடந்ததால் அதைத் தொண்டு என்று அழைக்க முடியாது. அதில் மனநிறைவைத் தேடச் சொல்வது கொடுமை. இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட மக்கள் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நின்று கேட்டது உள்ளே சென்று வழிபடும் உரிமையை. வழிபடும் உரிமையோடு தொண்டு செய்யும் உரிமையும் சேர்ந்தே மறுக்கப்பட்டிருந்தது. ஆகையால் ஓர் அன்னதானத்தை மதிப்பிடும்போது யார் பந்தியில் அமரலாம் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், யார் மடைப்பள்ளியில் அகப்பை பிடிக்கலாம் என்றும் கேட்க வேண்டும். கொடுப்பதில் வரும் நிறைவு மனிதத் தேவை என்றால், அதற்கான வாய்ப்பை ஒரு பகுதியினருக்கு அடைத்து வைப்பதும் அநீதிதான்.

பெண்களின் நிலையும் இதனோடு சேர்ந்தது. வீட்டில் முடியாதவர்களைப் பார்ப்பது, கோவில் விசேடத்துக்கு மரக்கறி வெட்டிக் கொடுப்பது, மாதர் சங்க வேலை என்று அடுக்கிக்கொண்டே போகும் குடும்பங்களில், அவை யாரும் கேட்காமலே அவர்கள் தலையில் விழுகின்றன. ‘தியாகம்’ என்ற பாராட்டு மிக மலிவான கூலி. ஒரு வேலையை மற்றவர்களோடு பங்கிட்டுக் கொடுத்த பிறகும் அவர் அதை விரும்பிச் செய்கிறாரா என்று பார்த்தால்தான், அது தொண்டா சுமையா என்பது தெரியவரும்.

அடுத்தது தூரம். புலம்பெயர்ந்தோரின் காசு இங்கு பாடசாலைக் கட்டடங்களாகவும் சத்திரசிகிச்சைச் செலவாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்து அனுப்பும் ஒருவருக்கு அந்தக் காசு என்ன ஆனது என்பது தெரியாமற் போகும்போது, கொடுத்ததன் இன்பம் அவரைச் சென்றடைவதில்லை; சில ஆண்டுகளில் சலிப்பும் சந்தேகமுமே மிஞ்சுகின்றன. தம் கொடை எவ்வாறு பயன்படும் என்பதைத் தெளிவாகக் காணும்போதுதான் கொடுப்பவருக்கு மகிழ்ச்சி கூடுகிறது என்பதை அக்னின் முதலியோரின் பிற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. பத்து இடங்களுக்குப் பிரித்து அனுப்புவதைவிட, ஒரு கிராமத்து முன்பள்ளியையோ ஒரு நூலகத்தையோ பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து தாங்கி, அங்குள்ள ஆசிரியரோடு மாதம் ஒருமுறை தொலைபேசியிற் பேசுவது இருபக்கத்துக்கும் நல்லது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்று வந்ததுதான் படம் எடுக்கும் வழக்கம் என்று நினைக்கிறேன். கொப்பியும் புத்தகப்பையும் வாங்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி, இருபுறமும் நான்கு பெரியவர்கள் நின்று, உபயகாரரின் பெயர் எழுதிய பதாகையோடு எடுத்த படங்கள் முகநூலில் நாள்தோறும் வருகின்றன. கணக்குக் காட்ட வேண்டிய தேவை விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் ‘உதவி வாங்கிய பிள்ளை’யாக உட்கார வேண்டியிருக்கிறது. பற்றுச்சீட்டும் அதிபரின் கடிதமும் அதே கணக்கைப் பிள்ளையின் முகம் இல்லாமலே காட்டும். பெறுபவர் தலைகுனிய நேர்ந்தால், கொடுத்தவருக்கும் அவருக்கும் இடையே உறவு என்று ஒன்று உண்டாவதில்லை. நிறைவின் மூன்று கூறுகளில் ஒன்று அங்கேயே அறுந்துபோகிறது.

இறுதியாக, களைத்துப்போவது. வேலை செய்து எரிந்து தீர்ந்துபோகும் நிலையை ‘பேர்ண் அவுட்’ என்று 1974இல் முதன்முதலில் மருத்துவக் கட்டுரையாக எழுதியவர் ஹேர்பட் புரொய்டன்பேர்கர். அவர் அதைக் கண்டது நியூயோர்க்கில் தாமும் பணியாற்றிய ஓர் இலவச மருத்துவ நிலையத்தின் தொண்டர்களிடம். முழு மனத்தோடு ஈடுபடுபவர்களே இதற்கு எளிதில் ஆளாகிறார்கள் என்று அவர் எழுதியது சிந்திக்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்பவர், இரண்டு ஆண்டுகளில் எல்லோரிலும் கோபம் கொண்டவராக ஆகிவிடுவதை நாம் ஊர்ச் சங்கங்களில் பார்க்கிறோம்.

எங்கே தொடங்குவது

தொடங்குவோருக்கு என் முதல் ஆலோசனை, புதிதாக ஒன்றைத் தேடிப் போவதற்கு முன், ஏற்கெனவே தெரிந்த தொழிலையும் கையிலுள்ள கடமையையும் பார்க்க வேண்டும் என்பது. கொழும்புத்துறையில் வாழ்ந்த சைவ ஞானி யோகர் சுவாமிகள் தம்மிடம் வந்த ஆசிரியர்களுக்கும் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் துறவைச் சொல்லவில்லை. அவரவர் கடமையைச் சிவதொண்டாகச் செய்யும்படியே சொன்னார். 1935இல் தொடங்கிய இதழுக்கும், பின்னர் அமைந்த நிலையத்துக்கும் சிவதொண்டன் என்றே பெயர் அமைந்தது. இதைச் சமயம் சாராத மொழியிலும் சொல்லலாம்: பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் முதியவருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுக்கும் எழுதுவினைஞர் தொண்டு செய்கிறார், அதே நாற்காலியில் இருந்தபடி.

தெரிந்ததைக் கொடுப்பதற்குச் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். ஆங்கிலத்திற் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வேறிடங்களுக்குப் போய்விடுவதைக் கண்டபின் தமிழிலேயே கற்பித்தார். அதற்காகத் தாமே தமிழ் கற்று, உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் முதலிய துறை நூல்களைத் தமிழில் ஆக்கினார். 60க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் தம் கைகளால் எத்தனை நோயாளரைத் தொட முடியும் என்ற எல்லையை, கற்பித்தல் மூலம் அவர் கடந்தார் என்பதும் உண்மை. அவரோடு சமயத்தில் எதிர்ப்பக்கம் நின்ற ஆறுமுக நாவலரும், வண்ணார்பண்ணையில் 1848இல் பாடசாலை நிறுவியது ஒருபுறமிருக்க, 1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பசித்தவருக்கு அன்றைக்கே கஞ்சி வேண்டும். பாடசாலை பத்து ஆண்டுகளுக்குப் பின் பலன் தரும். நாவலர் இரண்டையும் செய்தார். தொடங்குபவர் தம் இயல்பு எதற்கு ஒத்துவரும் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தால் போதும்.

நேரமும் காசும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்குக் குருதிக்கொடை நல்ல தொடக்கம். இலங்கையில் 2014 முதல் குருதி முழுவதும் ஊதியமில்லாத தன்னார்வக் கொடையாகவே பெறப்படுகிறது. 18 முதல் 60 வயது வரையுள்ள, 50 கிலோவுக்குக் குறையாத நிறையுள்ள, உடல்நலம் நன்றாக உள்ள ஒருவர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். யாழ். போதனா வைத்தியசாலையின் இரத்த வங்கிக்கு நேரே செல்லலாம். பிறந்தநாளையும் நினைவுநாளையும் முன்னிட்டு வாசிகசாலைகளிலும் பாடசாலைகளிலும் முகாம்கள் நடக்கின்றன. பெறுபவரின் முகத்தைக் காண முடியாதது இதிலுள்ள குறை. பெறுபவர் யாருக்கும் கடன்பட்டதாக உணர வேண்டியதில்லை என்பது அதே குறையின் நன்மை.

ஆளோடு ஆள் பழகும் வேலையை விரும்புபவர்கள் வாரத்தில் அல்லது மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூசன் காசு கட்ட முடியாத இரண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பதானால், சனிக்கிழமை நான்கு மணி என்றால் சனிக்கிழமை நான்கு மணிதான். பிள்ளைகள் அதை நம்பியிருப்பார்கள். கைதடியிலுள்ளது போன்ற முதியோர் இல்லங்களுக்குப் போக விரும்புபவர்கள் பிறந்தநாள் கேக்கோடு ஒருமுறை போய்விட்டு வருவதைவிட, முன்கூட்டியே நிருவாகத்திடம் கேட்டு, பத்திரிகை வாசித்துக் காட்டவோ கடிதம் எழுதிக் கொடுக்கவோ ஒழுங்காகப் போகலாம். அங்கிருப்பவர்களில் ஓய்வுபெற்றவர்கள், தையல் தெரிந்தவர்கள், தேவாரம் பண்ணோடு பாடக்கூடியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். பெற்றுக்கொண்டே இருக்கும் நிலையில் வைக்கப்பட்ட முதியவருக்கு, தாமும் ஒன்றைக் கொடுக்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் நாம் கொண்டுபோகும் எந்தப் பண்டத்தையும்விடப் பெரியது.

கொடுக்கும் அளவு, வீட்டாரோடும் பேசி ஒத்துக்கொண்ட அளவாக இருக்க வேண்டும். தன் பிள்ளையின் படிப்பைக் கவனிக்காமல் ஊர்ப்பிள்ளைகளைக் கரையேற்றுபவரின் வீட்டில் அந்தத் தொண்டின் மீது வெறுப்பு வளரும். ஓய்வு எடுக்கும் மாதங்களும் திட்டத்தில் இருக்கட்டும்.

விலகும் முறையைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் அதுவும் கற்க வேண்டியது. ஒரு வேலையைத் தொடங்கும்போதே அதை வேறு யாருக்குப் பழக்குவது என்று எண்ணி, கணக்கையும் திறப்பையும் தொடர்பு இலக்கங்களையும் ஒருவரின் கையில் மட்டும் வைத்திராமல் இருந்தால், நோயோ இடமாற்றமோ வெளிநாட்டுப் பயணமோ வரும்போது பெறுபவர்கள் கைவிடப்படமாட்டார்கள். செய்தவருக்கும் குற்ற உணர்ச்சி இராது. கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டில் இருந்தபடியே அயலவர்களுக்குப் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அது தம் தனி முயற்சியாகவே இருக்கட்டும் என்று அவர் வைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த ஆண்டே மற்றவர்களையும் சேர்த்து ஒரு குழுவிடம் அதைக் கொண்டுபோனார். 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய அறையில், 844 நூல்களுடன், அது பொதுமக்களுக்கான நூலகமாகத் திறக்கப்பட்டது. இன்றைய யாழ்ப்பாணப் பொது நூலகம் அந்த அறையிலிருந்து வளர்ந்தது.